லிஃப்ட் போட்டு உயரம் கூட்டிய மஹிந்திரா தார் ஜீப்பில் பெரிய டயர் உரசுகிறது. இன்னும் ஒரு அங்குலம் உயர்த்தினால் தீருமா?

கேட்டவர் திசையன்விளைக்காரர். 2020க்குப் பிறகு வந்த தார், 16 அங்குல ரிம் மாடல். 2 அங்குலம் லிஃப்ட் போட்டு, 245/75 ஆர்16 டயரைக் கழற்றிவிட்டு 265/75 ஆர்16 மாட்டியிருக்கிறார். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் முன்சக்கரம் உரசுகிறது என்கிறார்.

ஏற்ற வேண்டாம். பெரும்பாலும் அதனால் உரசல் தீராது, புதுத் தலைவலிதான் வரும்.

லிஃப்ட் கூட்டுவது வண்டி நிற்கும் உயரத்தை. குழியில் இறங்கி ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது சக்கரம் எதுவரை மேலே போகலாம் என்பதைத் தீர்மானிப்பது பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் தடுப்பு. அதை மாற்றாமல் எத்தனை அங்குலம் உயர்த்தினாலும், முழு அமுக்கத்தில் டயர் பழைய இடத்துக்கே போய் நிற்கும். அதோடு தாரின் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு முன்சக்கரத்தையும் மேலும் கீழும் இரண்டு கைகள் தனியாகத் தாங்கும் அமைப்பு. உயர்த்த உயர்த்த ஆக்ஸில் ஷாஃப்ட்டின் சாய்வு கூடும், அதன் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும், மேல் கையின் பந்து மூட்டான பால் ஜாயின்ட் தன் எல்லையை நெருங்கிவிடும்.

டயர் கணக்கைப் பார்ப்போம். உங்கள் பழைய டயரின் விட்டம் சுமார் 774 மில்லிமீட்டர், புதியது 804. ஆரத்தில் 15 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். தரையிலிருந்து உங்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் இடைவெளியும் அந்த 15தான். ஆனால் அதே 15, சக்கரக் கூட்டின் முன்னும் பின்னும் மேலும் இடத்தைத் தின்கிறது. அகலமும் 20 மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது இடிப்பது பெரும்பாலும் இந்த அகலம்தான். உயரம்தான் வேண்டும் என்றால், 235/85 ஆர்16 கிடைக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள். விட்டம் 806, அகலமோ உங்கள் பழைய டயரைவிடக் குறைவு. பார்க்க ஒல்லியாக இருக்கும், அதனால் பலருக்குப் பிடிப்பதில்லை. எனக்குப் பிடிக்கும்.

அடுத்து, நீங்கள் சொல்லாமல் விட்ட விஷயம் ரிம். கம்பெனி ரிம்மா, வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அலாய் வீலா? ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் பதியும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட். அந்த எண் குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். அப்போது ஸ்டியரிங்கை ஒடித்தால் டயர் இருந்த இடத்தில் திரும்பாது, பெரிய வட்டம் போட்டு வீசும். அந்த வீச்சில்தான் முன்பக்கம் பம்பர் மூலையையும் பின்பக்கம் சக்கரக் கூட்டின் உள்உறையான லைனரையும் தொடுகிறது. ரிம்முக்குப் பின்னால் வைக்கும் தடிப்பான வளையமான வீல் ஸ்பேசர் போட்டாலும் இதே கதைதான், பேரிங்குக்கும் சுமை கூடும். துருத்திய ரிம் என்றால், பட்டறையில் கம்பெனி ரிம் ஒன்றை இரவல் வாங்கி அந்த டயரை அதில் ஏற்றிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே ஓடிப்போகும். ஒருவேளை உரசல் உள்பக்கம், மேல் கையிலோ ஸ்டெபிலைசர் பாரிலோ என்றால் மட்டும் கொஞ்சம் வெளியே தள்ளும் ரிம் உதவும்.

உரசும் இடத்தைச் சமதளத்தில் நிறுத்தி வைத்துத் தேடாதீர்கள். பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி செய்வது இப்படி: டயரின் இரு தோள்களிலும் சுண்ணாம்பைக் குழைத்துத் தடவுவார். ஒரு முன்சக்கரத்தையும் அதற்கு எதிர்மூலைப் பின்சக்கரத்தையும் மேட்டில் ஏற்றுவார். குளக்கரைச் சரிவு இதற்கு அருமையான இடம். அங்கே ஒருவர் மெதுவாக ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்ப, இன்னொருவர் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கையைச் சக்கரக் கூட்டுக்குள் விடவே கூடாது. பிறகு ரிவர்ஸிலும் ஒருமுறை, பிரேக் பிடித்தபடி ஒருமுறை. சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள புஷ் ரப்பர்கள் நெளிந்து சக்கரம் கொஞ்சம் நகரும் என்பதால் அப்போது வேறு இடம் தொடும். வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் வேலை.

பிளாஸ்டிக் லைனர் என்றால் ஹீட் கன்னால் இளக்கிப் பின்னால் தள்ளலாம், அதற்கு முன் பின்னால் வயரிங் போகிறதா என்று பாருங்கள். பம்பரின் கீழ் மூலையை வெட்டலாம். தகரத்தின் மடிப்பு விளிம்பு தொட்டால் சுத்தியலால் மடக்கலாம். ஆனால் மடக்கிய இடத்துக்கு அன்றைக்கே துரு எதிர்ப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள், உவரி, இடிந்தகரை உப்புக்காற்றுக்கு ஒரு மழைக்காலம் போதும். சேஸியையும் பாடி மவுன்ட்டையும் மட்டும் யாரையும் தொட விடாதீர்கள். வீல் அலைன்மென்ட் செய்யும்போது கேஸ்டரை, அதாவது ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வை, சற்றுக் கூட்டச் சொல்லுங்கள். சக்கரம் கொஞ்சம் முன்னால் நகர்ந்து பின்பக்க உரசல் குறையும், லிஃப்ட்டால் கெட்ட ஸ்டியரிங் பிடிமானமும் திரும்பும். மேல்பக்கம் தொட்டால் மட்டும் பம்ப் ஸ்டாப்பை நீட்டுங்கள், அமுங்கும் தூரம் அந்த அளவுக்குக் குறையும் என்று தெரிந்தே.

எல்லாம் முடிந்த பிறகும் ஒரு விரல் தடிமன் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். கோவில்பட்டிப் பக்கக் கரிசலில் மழைக்குப் பிறகு ஓட்டியவர்களுக்கு ஏன் என்று தெரியும்: மண் அப்பிக்கொண்டு டயரே பருத்துவிடும்.

உங்கள் ஊர்ப் பக்கம் தேரி மணலில் ஓட்டத்தான் இதெல்லாம் என்றால், என் கருத்து வேறு. அங்கே பெரிய டயரைவிடக் காற்றைக் குறைப்பதுதான் வேலை செய்யும். 18 பிஎஸ்ஐ வரை இறக்கினால் பழைய அளவு டயரே மிதந்து போகும். தார்ச்சாலை ஏறியதும் திரும்ப அடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். உடைமுள்ளுக்குத் தாங்கும் கெட்டியான பக்கச்சுவர் உள்ள டயராகப் பாருங்கள். அளவு இரண்டாவதுதான்.

மாஞ்சோலை மாதிரி மலை ஏறுபவராக இருந்தால் கனமான டயரின் விலையைக் கொண்டை ஊசி வளைவுகளில் உணர்வீர்கள்: இழுவை குறையும், இறக்கத்தில் பிரேக்குக்கு வேலை கூடும். ஸ்பீடோமீட்டரும் முன்னைப்போல் இருக்காது. பழைய டயரில் 80 காட்டிய இடத்தில் இப்போது ஓடுவது 83. ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும், அதன் கனத்தைத் தாங்கும் பின்கதவுக் கீலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. லிஃப்ட் போடும்போது இதைப் பலர் சொல்வதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ரிம்மின் ஆஃப்செட் எண்ணையும் சுண்ணாம்பு ஒட்டிய இடத்தின் படத்தையும் கீழே போடுங்கள், எதை முதலில் செய்யலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.