300 மி.மீ. போதவில்லை என்றால் எதை வாங்குவது? லென்ஸ் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் நிக்கான் டி5600 கேமராவும், அதே பெட்டியில் வந்த 18-55, 70-300 மி.மீ. (ஏஎஃப்-பி, விஆர்) லென்ஸ்களும் உள்ளன. சீசனில் வார இறுதிதோறும் வேடந்தாங்கல் போய் வருகிறேன். கரையிலிருந்து எடுக்கும் பறவைகள் படத்தில் மிகச் சிறியதாக விழுகின்றன. வெட்டிப் பெரிதாக்கினால் இறகு தெளிவாக இல்லை. 18-400 மி.மீ. லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு பழைய இரண்டையும் கொடுத்துவிடலாம் என்கிறார் கடைக்காரர். நண்பர்களில் ஒருவர் 100-400 போதும் என்கிறார். இன்னொருவர் 150-600-க்குக் குறைந்து எதையும் வாங்காதே என்கிறார். ஒரு லட்சம் ரூபாய் வரை செலவிட முடியும். எதை வாங்கலாம்?
– வாசகர், செங்கல்பட்டு

பதில்: உங்கள் இரண்டாவது நண்பர் சொல்வதே சரி. ஆனால் பணத்தைக் கொடுப்பதற்கு முன், குறை உண்மையிலேயே லென்ஸில்தான் இருக்கிறதா என்பதை நீங்கள் பார்த்துவிட வேண்டும். ஒரு செய்தித்தாள் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, பத்து மீட்டர் தள்ளி நின்று, 300 மி.மீ., எஃப்/8, 1/1000 நொடி என்று வைத்துப் படமெடுங்கள். முதலில் வியூஃபைண்டர் வழியாகவும், பிறகு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி லைவ் வியூ (பின்திரையைப் பார்த்து எடுப்பது) வழியாகவும் எடுங்கள். இரண்டிலும் எழுத்துகள் கூர்மையாக இருந்தால் லென்ஸில் குறை இல்லை. லைவ் வியூவில் மட்டும் கூர்மை இருந்தால், வியூஃபைண்டர் வழி ஃபோக்கஸ் சற்று முன்னோ பின்னோ விழுகிறது என்று பொருள். அதைத் திருத்திக்கொள்ளும் ‘ஃபைன் ட்யூன்’ வசதி டி7200, டி7500 போன்ற கேமராக்களில் உண்டு, டி5600-இல் கிடையாது. இந்தக் குறையை நினைவில் வையுங்கள், புது லென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது இது குறுக்கே வரும்.

உங்கள் 70-300 விலைக்கு மீறிய நல்ல லென்ஸ் என்பதால், செய்தித்தாள் தெளிவாக விழும் என்றே எதிர்பார்க்கிறேன். அப்படியானால் பறவை மங்கலாக விழுவதற்குக் காரணம் தூரம், காற்று, ஷட்டர் வேகம் ஆகிய மூன்றில் ஒன்றுதான். வெயில் ஏறிய பிறகு ஏரிக்கு மேல் சூடான காற்று நெளியத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் எவ்வளவு விலையுள்ள லென்ஸாலும் தொலைவில் இருக்கும் நாரையின் இறகைப் பிரித்துக் காட்ட முடியாது. ஷட்டர் வேகமும் அப்படித்தான். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/1600 அல்லது அதற்கு மேல் தேவை. விஆர் என்பது உங்கள் கை நடுக்கத்தைக் குறைக்குமே தவிர, பறவையின் அசைவை நிறுத்தாது. (உங்கள் லென்ஸின் மேல் விஆர் பொத்தான் இல்லை, கேமராவின் மெனுவில்தான் இருக்கிறது. அது அணைந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள்.)

இவை எல்லாம் சரியாக இருந்தும் படம் போதவில்லை என்றால், மிச்சம் இருப்பது தூரம். அதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். உண்ணிக்கொக்கு ஏறக்குறைய 50 செ.மீ. நீளம். அது 50 மீட்டர் தொலைவில் இருக்கும்போது 300 மி.மீ. லென்ஸ் அதை உங்கள் சென்சாரில் 3 மி.மீ. நீளமாக வரைகிறது. சென்சாரின் அகலம் 23.5 மி.மீ., அதில் 6000 பிக்சல்கள். ஆகவே கொக்குக்குக் கிடைப்பது சுமார் 770 பிக்சல். கைப்பேசித் திரையின் அகலத்தைக்கூட நிரப்பாத அளவு. 400 மி.மீ. லென்ஸ் இதைச் சுமார் 1020 ஆக்கும், 500 மி.மீ. சுமார் 1280 ஆக்கும், 600 மி.மீ. 1530-ஐத் தாண்டும். பரப்பளவில் பார்த்தால் 600 இன்றைய படத்தைப் போல நான்கு மடங்கு. 400 இரண்டு மடங்குகூட இல்லை.

300 வைத்திருப்பவர் 400-க்குப் போவது செலவுக்கு ஏற்ற முன்னேற்றம் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். சிக்மா, டாம்ரான் இரண்டும் 2017-இல் வெளியிட்ட 100-400 லென்ஸ்கள் நல்லவைதாம், 1.1 கிலோ அளவில் இருப்பதால் தூக்கவும் எளியவை. கையில் டெலிஃபோட்டோவே இல்லாமல் புதிதாகத் தொடங்குபவருக்கு அவற்றைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உங்களுக்கோ, வாங்கிய இரண்டாவது மாதமே “இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தால் தேவலை” என்ற எண்ணம் திரும்ப வரும். கடைக்காரர் சொன்ன 18-400 லென்ஸைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பயணத்தில் ஒரே லென்ஸோடு சமாளிக்க நினைப்பவருக்கு அது பயன்படும். ஆனால் அத்தனை நீளத்துக்கு விரியும் லென்ஸ்களின் பலவீனம் கடைசி முனையில்தான் வெளிப்படும், உங்களுக்குத் தேவைப்படுவதோ அந்தக் கடைசி முனை மட்டும்தான்.

எஞ்சுபவை இரண்டு: சிக்மா 150-600 எஃப்/5-6.3 ‘கான்டெம்பரரி’, நிக்கான் ஏஎஃப்-எஸ் 200-500 எஃப்/5.6. டாம்ரானின் 150-600 ஜி2-வும் இதே வகைதான். விலை சாதகமாக அமைந்தால் அதையும் பார்க்கலாம். சிக்மாவின் எடை 1,930 கிராம், நிக்கானின் எடை ஸ்டாண்டில் பொருத்தும் வளையத்தோடு 2,300 கிராம். உங்கள் கேமராவே பேட்டரியோடு அரைக் கிலோவுக்குக் குறைவு என்பதால், இனிமேல் கேமராவில் லென்ஸை மாட்டுகிறோம் என்று நினைக்காமல் லென்ஸில் கேமராவை மாட்டுகிறோம் என்றே நினைத்துக்கொள்ள வேண்டும். தோள்வாரை லென்ஸின் வளையத்தில்தான் கட்ட வேண்டும். கேமராவைப் பிடித்துத் தூக்கினால் முழு எடையும் மவுண்ட்டின் (கேமராவும் லென்ஸும் இணையும் இடத்தின்) மேல் விழும். ஒற்றைக்கால் ஸ்டாண்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். வேடந்தாங்கல் கரையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவே முக்காலியை விரித்தால் நாலு பேர் இடறுவார்கள்.

6.3 என்ற எஃப் எண்ணைப் (இது கூடக்கூட உள்ளே வரும் வெளிச்சம் குறையும்) பார்த்து வெளிச்சம் போதாதோ என்று பயப்பட வேண்டாம். உங்கள் இப்போதைய லென்ஸும் 300-இல் எஃப்/6.3 தான், ஆகவே நீங்கள் எதையும் இழக்கப்போவதில்லை. நிக்கானின் 5.6 அதைவிட மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) மட்டுமே கூடுதல். அதன் ஜூம் வளையத்தை 200-லிருந்து 500-க்குக் கொண்டுபோக ஒரே திருப்பு போதாது, கையை மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கும். பறவை திடீரென்று கிளம்பும்போது இது எரிச்சலூட்டும். சிக்மாவில் முன்முனையைப் பிடித்து நேராக இழுத்தும் தள்ளியும் ஜூம் செய்யலாம். மேலே சொன்ன ஃபைன் ட்யூன் குறைக்கும் சிக்மாவிடம் வழி இருக்கிறது: தனியாக விற்கும் யுஎஸ்பி டாக்கில் லென்ஸை மாட்டி, கணினி வழியாக லென்ஸிலேயே ஃபோக்கஸைத் திருத்திக்கொள்ளலாம்.

இந்தக் காரணங்களால் உங்களுக்கு நான் சொல்வது சிக்மா 150-600. ஒரே ஒரு நிலையில் மட்டும் நிக்கானைத் தேர்ந்தெடுங்கள்: இரண்டொரு ஆண்டுகளில் மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராவுக்கு) மாறும் எண்ணம் இருந்தால். டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்கான எஃப் மவுண்ட்டில் நிக்கான் 2020-க்குப் பிறகு புது லென்ஸ் எதையும் கொண்டுவரவில்லை; அதன் கவனம் முழுவதும் மிரர்லெஸ் கேமராக்களான இசட் வரிசைக்குப் போய்விட்டது. 200-500 லென்ஸை எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக இசட் கேமராவில் ஆட்டோஃபோக்கஸோடு பயன்படுத்தலாம். சிக்மாவும் வேலை செய்யும், ஆனால் லென்ஸின் ஃபர்ம்வேரை (உள்ளிருக்கும் மென்பொருளை) புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். எதுவானாலும், சென்னையில் இந்த லென்ஸ்கள் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒரு சனி, ஞாயிறு எடுத்துப் பாருங்கள். இரண்டு கிலோவைக் காலை முழுவதும் சுமக்க மனமும் தோளும் ஒப்புகின்றனவா என்பது அப்போது தெரிந்துவிடும்.

கேள்வி: இதே 70-300 லென்ஸ்தான் என்னிடமும் உள்ளது. பெரிய லென்ஸ் வாங்க வசதியில்லை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி உருவத்தை இரு மடங்காக்கும் 2எக்ஸ் டெலிகன்வெர்ட்டர் மாட்டினால் 600 ஆகிவிடாதா?
– வாசகர், காரைக்குடி

பதில்: ஆகாது. நிக்கானின் டெலிகன்வெர்ட்டர்கள் குறிப்பிட்ட சில உயர்ரக லென்ஸ்களுக்காகச் செய்யப்பட்டவை; உங்கள் லென்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. வேறு நிறுவனத்தின் கன்வெர்ட்டர் பொருந்தினாலும், 2எக்ஸ் என்பது இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கி எஃப்/6.3-ஐ எஃப்/13 அளவுக்குக் கொண்டுபோய்விடும். அந்த இருட்டில் ஆட்டோஃபோக்கஸை நம்ப முடியாது. லென்ஸின் முன்பக்கம் திருகி மாட்டும் மலிவான ‘டெலி’ கண்ணாடிகளை வாங்கவே வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு நாள் லென்ஸ் வாடகைக்கு எடுப்பது மேல்.

கேள்வி: நிக்கான் 200-500 லென்ஸ் ஒன்று பாதி விலைக்குப் பழையதாகக் கிடைக்கிறது. “உள்ளே லேசாக ஃபங்கஸ் இருக்கிறது, படத்தில் தெரியாது” என்று விற்பவர் நேர்மையாகவே சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: அவர் நேர்மையைப் பாராட்டிவிட்டு லென்ஸை விட்டுவிடுங்கள். இன்று படத்தில் தெரியாது என்பது உண்மையாகவே இருக்கலாம். சிறு பூஞ்சை இழைகள் முதலில் கூர்மையைக் கெடுப்பதில்லை. வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும்போதுதான் படம் பால் ஊற்றியது போல வெளிறத் தொடங்கும். ஆனால் பூஞ்சை அங்கேயே நிற்காது. அது வெளிவிடும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கிறது. அரித்த பூச்சு எத்தனை முறை துடைத்தாலும் திரும்பி வராது. இந்த லென்ஸுக்குள் 19 கண்ணாடிகள் இருக்கின்றன. முன்கண்ணாடியில் மட்டும் பூஞ்சை இருந்தால் சுத்தம் செய்துவிடலாம். நடுவில் இருந்தால் முழுவதும் பிரித்து, மறுபடி அச்சுப் பிசகாமல் கோக்க வேண்டும். அதற்கான கூலியைக் கேட்ட பிறகு பாதி விலை என்பது பாதி விலையாக இருக்காது. உங்கள் ஊரின் கடற்காற்றோ பூஞ்சைக்குப் பிடித்தமான காற்று.

வேறு பழைய லென்ஸைப் பார்க்கப் போனால், இருட்டான அறையில் இரண்டு மூடிகளையும் கழற்றி, ஒரு முனையில் கைப்பேசியின் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து மறுமுனையிலிருந்து பாருங்கள். தூசு புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சிலந்தி வலை போல ஓர இடத்திலிருந்து கிளை பிரிந்து போகும் இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. பிறகு உங்கள் கேமராவிலேயே மாட்டி, 200, 350, 500 ஆகிய மூன்று இடங்களிலும் படமெடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள்.

வாங்கியதைத் தோல் உறையிலோ கேமராப் பையிலோ மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும், ஈரம் ஏறினால் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஒன்றுக்கு மேல் லென்ஸ் சேர்ந்துவிட்டால் 40-50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கும் டிரை கேபினெட் நல்லது. அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அரிசித் தூள் ஜூம் வளையத்துக்குள் போய்விடும், வேண்டாம்.

கேள்வி: இணையத்தில் 150-600 லென்ஸ் ஒன்று வாங்கினேன். படத்தின் இடது பக்கம் எப்போதும் மங்கலாக இருக்கிறது. திருப்பித் தரும் பத்து நாள் கெடு முடிந்துவிட்டது என்கிறார் விற்பனையாளர். இது தனி இறக்குமதி, இந்திய உத்தரவாதம் பொருந்தாது என்கிறது சர்வீஸ் சென்டர். என்ன செய்வது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஒரு பக்கம் மட்டும் மங்குவது பெரும்பாலும் உள்ளே கண்ணாடி அச்சு விலகியிருப்பதன் அடையாளம். தட்டையான செங்கல் சுவர் ஒன்றுக்கு நேர் எதிரே கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஒரு படமும், கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு படமும் எடுங்கள். மங்கல் சட்டத்தின் அதே இடது பக்கத்திலேயே நின்றால் குறை லென்ஸில். சுவரின் அதே பகுதியோடு இடம் மாறினால் நீங்கள் சுவருக்கு நேராக நிற்கவில்லை. இந்தப் படங்கள்தாம் உங்கள் சாட்சி.

பத்து நாள் கெடு என்பது விற்பனையாளர் தம் வசதிக்கு வைத்துக்கொண்டது. குறையுள்ள பொருளைப் பற்றி முறையிடும் உரிமை அதோடு முடிந்துவிடாது. விற்பனைப் பக்கத்தில் உத்தரவாதம் பற்றி என்ன எழுதியிருந்தது என்பதை உடனே திரைப்பிடிப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். இந்திய உத்தரவாதம் இல்லை என்று அங்கே தெளிவாகச் சொல்லப்படாமல் இருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. 2020-இன் மின்வணிக விதிகளின்படி அந்தத் தளம் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்திருக்க வேண்டும். புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தொலைபேசியில் பேசாமல் அவருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். பில், படங்கள், சர்வீஸ் சென்டரின் பதில் ஆகியவற்றை இணையுங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் கோயம்புத்தூரிலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்பதால் கட்டணம் இல்லை. கெடு, குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகள். அதுவரை லென்ஸை வெளியில் எங்கும் பிரித்துச் சரிசெய்யக் கொடுத்துவிடாதீர்கள். பிரித்த லென்ஸைக் காட்டினால், குறை அங்கேதான் ஏற்பட்டது என்று விற்பனையாளர் சொல்லிவிடுவார்.