கொதிநீர்க் குழாய்: போட்ட பணம் திரும்பி வருமா?

கேள்வி: சமையலறையைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். சிங்க்குக்கு மேலே கொதிநீர்க் குழாய் ஒன்றைப் போட்டுவிடுங்கள் என்கிறார் விற்பனையாளர். திறந்தவுடன் கொதிக்கும் தண்ணீர் வருமாம், கெட்டிலே தேவைப்படாதாம், மின்சாரம் மிச்சமாகிச் சில ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடுமாம். வட்டியில்லாத் தவணையும் தருகிறார்கள். வீட்டில் நான்கு பேர். தேநீர், காபி என்று நாளைக்கு நான்கு லிட்டர் வெந்நீர் செலவாகும். மனைவிக்கு ஆசை, எனக்குத் தயக்கம். வாங்கலாமா?

பதில்: முதலில் அந்த ‘மின்சாரம் மிச்சம்’ என்ற பேச்சைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். அது நிற்குமா விழுமா என்று தெரிந்துவிட்டால், மீதியை நீங்கள் இருவருமே பேசி முடித்துக்கொள்ளலாம்.

20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 0.093 யூனிட் மின்சாரம் வேண்டும். எந்தக் கருவியாக இருந்தாலும் இதற்குக் குறைவாக முடியாது. கெட்டிலின் உடம்பு சூடாவதிலும் ஆவியிலும் கொஞ்சம் போகும் என்பதால் லிட்டருக்கு 0.11 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நான்கு லிட்டருக்கு நாளொன்றுக்கு 0.44 யூனிட் ஆகிறது.

இப்போது குழாய். சிங்க்குக்கு அடியில் அலமாரிக்குள் ஒரு சிறிய தொட்டி உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் 2 முதல் 7 லிட்டர் வரை பிடிக்கும். சில வகைகள் தண்ணீரை 98 டிகிரியில் வைத்திருக்கும். அழுத்தத்தில் இயங்கும் சில வகைகள் 108 டிகிரி வரைகூடப் போகும். அதனால்தான் குழாயைத் திருப்பியதும் தண்ணீர் அமைதியாக விழாமல், ஆவியும் துளிகளுமாகச் சீறிக்கொண்டு வருகிறது. இந்தச் சூட்டைத் தொட்டி நாள் முழுக்கக் காப்பாற்ற வேண்டும், நீங்கள் தூங்கும்போதும், ஊரில் இல்லாதபோதும். நன்றாக வெப்பக்காப்பு செய்த தொட்டிக்கே இதற்கு 10 வாட் போகும். பத்து வாட் என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். 24 மணி நேரத்துக்குப் பெருக்குங்கள், 0.24 யூனிட். ஆண்டுக்கு 88 யூனிட். மட்டமான தொட்டி என்றால் 25 வாட்டும் இழுக்கும்.

ஆக, நல்ல குழாயில் உங்கள் நான்கு லிட்டருக்கு ஏறக்குறைய 0.40 யூனிட், சூடு காக்க 0.24, மொத்தம் 0.64. கெட்டிலோ 0.44. மிச்சம் எங்கே?

விற்பனையாளர் சும்மா சொல்லவில்லை, அவர் கணக்கில் ஒரு நியாயமும் உண்டு. ஒரு கோப்பை தேநீருக்குக் கெட்டிலை நிரப்பிக் கொதிக்கவிடுகிறவர்கள் ஏராளம். நான்கு லிட்டர் குடிக்க ஆறு லிட்டர் கொதிக்க வைக்கும் வீட்டில் கெட்டிலுக்கும் 0.66 ஆகிவிடும், இரண்டும் சரிசமம். எட்டு லிட்டர் கொதிக்க வைக்கும் வீட்டில் குழாய் நாளைக்கு 0.24 யூனிட் ஜெயிக்கும். ஆனால் அந்த வீட்டுக்கு நான் சொல்லும் மருந்து வேறு: கோப்பையால் அளந்து கெட்டிலில் ஊற்றுங்கள். அதற்குச் செலவே கிடையாது.

உங்கள் வீடு எந்த ரகம் என்று ஊகிக்க வேண்டாம். பிளக்கில் செருகி யூனிட் காட்டும் சிறிய மீட்டர் கிடைக்கிறது. அதைக் கெட்டிலுக்கு ஒரு வாரம் போட்டுப் பாருங்கள்.

அடுத்து, குழாயின் விலையை உங்கள் ஒரு யூனிட் மின்கட்டணத்தால் வகுங்கள். பொருத்தும் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல கெட்டிலைப்போல் பத்து மடங்கு விலையிலிருந்து தொடங்கி முப்பது, நாற்பது மடங்கு வரை போகும் பொருள் இது. எனவே விடை பல ஆயிரம் யூனிட்டாகத்தான் வரும். 4,000 யூனிட் வந்தது என்று வைத்துக்கொள்வோம். நான் மேலே சொன்ன ஊதாரி வீட்டில்கூட ஆண்டுக்கு 88 யூனிட்தான் மிச்சம். போட்ட பணம் திரும்ப 45 ஆண்டு. இந்தக் குழாய்களுக்கு உத்தரவாதமோ பெரும்பாலும் 2 முதல் 5 ஆண்டு.

தொட்டிக்குள் சுண்ணாம்பு படியாமல் தடுக்க உதவும் ஃபில்டரின் கணக்கு இன்னும் வரவில்லை. பல வகைகளில் ஃபில்டருக்குள் இருக்கும் கார்ட்ரிட்ஜை ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் யூனிட்டாக மாற்றிப் பாருங்கள். மேலே சொன்ன 88 யூனிட் மிச்சத்தை அது தனியாகவே விழுங்கிவிடும் என்பது என் அனுபவம். ஃபில்டரே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றால், அதற்கு உங்கள் பழைய கெட்டிலின் மூடியைத் திறந்து அடியைப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்புப் பொருக்கு படிந்து, விரலால் சுரண்டினால் செதிலாக வருகிறதா? அதுதான் உங்கள் தண்ணீர். கெட்டிலில் கொஞ்சம் வினிகர் ஊற்றி ஒரு கொதி விட்டால் போய்விடும். தொட்டிக்குள் படிந்தால் அதைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். கவனிக்காமல் விட்டால் சூடேற்றும் கம்பியே போய்விடும்.

மின்சாரக் கணக்கு அவ்வளவுதான். இதை மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பொருளாக நினைத்து வாங்காதீர்கள். வசதிக்காக வாங்கலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நெதர்லாந்தில் 1970-இல் ஹென்றி பெட்டெரி என்பவருக்கு இந்த யோசனை வந்தது உடனடி சூப் தயாரிப்பில் வேலை செய்துகொண்டிருந்தபோதுதான். தண்ணீர் கொதிக்கக் காத்திருக்க வேண்டியிருந்தால் அது எப்படி உடனடி சூப் ஆகும் என்பதுதான் அவர் கேள்வி. நேரத்தை மிச்சம் பிடிக்கப் பிறந்த பொருள் இது.

அந்த நேரத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். 3 கிலோவாட் கெட்டில் ஒரு லிட்டரை இரண்டு நிமிடத்தில் கொதிக்க வைத்துவிடும், அதில் பாதித் திறன் உள்ள கெட்டில் நான்கு நிமிடம் எடுக்கும். நாளைக்கு எட்டுத் தடவை, தடவைக்கு இரண்டு நிமிடம், ஆண்டுக்கு 97 மணி நேரம் மிச்சம் என்று விளம்பரத்தில் போடலாம்தான். ஆனால் கெட்டிலை முறைத்துப் பார்த்துக்கொண்டு யார் நிற்கிறார்கள்? அந்த இரண்டு நிமிடத்தில்தானே கோப்பையைக் கழுவுகிறோம்.

ஆனால் ஒரு வீட்டில் நான் மறுபேச்சில்லாமல் வாங்கச் சொல்வேன். 1.7 லிட்டர் கெட்டில் நிரம்பினால் அதன் சொந்த எடையும் சேர்ந்து மூன்று கிலோவை நெருங்கும். மூட்டுவாதத்தால் பிடி தளர்ந்தவர்களும் கை நடுங்கும் முதியவர்களும் கொதிக்கும் தண்ணீரோடு அதைத் தூக்கிச் சாய்ப்பது பயமான காரியம். அவர்களுக்கு இது பாதுகாப்புச் செலவு, யூனிட் கணக்கே போட வேண்டாம். அதே சமயம், குழந்தைகள் உள்ள வீடென்றால் அழுத்தித் திருப்பினால் மட்டுமே திறக்கும் பூட்டு இருக்கிறதா என்று கடையிலேயே கையால் திருகிப் பார்த்து வாங்க வேண்டும்.

வட்டியில்லாத் தவணை பற்றி: முழுத் தொகையையும் ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். குறைத்தார்கள் என்றால் அந்த வித்தியாசம்தான் வட்டி, பெயர்தான் வேறு. செயலாக்கக் கட்டணம் உண்டா என்றும் பாருங்கள். ஆறு மாதச் செலவுக்கான அவசரகாலப் பணம் தனியாக இருந்து, கடன் அட்டையில் பாக்கியும் இல்லாமல், கையிருப்பிலிருந்து எடுத்து வாங்க முடிந்தால் தாராளமாக வாங்கலாம். தவணை இருந்தால்தான் முடியும் என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

வாங்குவதாக முடிவு செய்தால், சூடு காக்க எத்தனை வாட் என்பதை வாய்மொழியாக அல்ல, விவரத் தாளில் காட்டச் சொல்லுங்கள். கார்ட்ரிட்ஜ் அந்த நிறுவனத்திடம் மட்டும்தான் கிடைக்குமா என்றும் கேளுங்கள். சாதாரணத் தண்ணீர், வெந்நீர், கொதிநீர் மூன்றும் ஒரே குழாயில் வரும் வகையை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. அது பழுதானால் பாத்திரம் கழுவவும் தண்ணீர் இருக்காது.

சரி, இப்போது என்ன செய்வது? வேலை நடந்துகொண்டிருப்பதால், சிங்க் அலமாரிக்குள் ஒரு தனி பிளக் பாயிண்டும், குளிர்ந்த நீர்க் குழாயிலிருந்து அடைப்பானோடு ஒரு கிளையும் வைக்கச் சொல்லிவிடுங்கள். சுவர் திறந்திருக்கும்போது இதற்கு ஆகும் செலவு சொற்பம், ஓடு பதித்த பிறகு உடைத்துச் செய்வதுதான் கையைக் கடிக்கும். அந்த அலமாரியில் இழுப்பறை போட்டு இடத்தை அடைக்க வேண்டாம். மேடைக் கல்லில் துளையும் இப்போது போட வேண்டாம், அதைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். புதுச் சமையலறையில் ஓராண்டு புழங்கிப் பாருங்கள். அப்போதும் உங்கள் மனைவிக்கு அந்த ஆசை இருந்தால், சேர்த்து வைத்த பணத்தில் வாங்கிக் கொடுங்கள்.