பின்னலாடை நிறுவனங்களுக்கு ஃபயர்வால் விற்பது குறித்து

வணக்கம். திருப்பூரில் ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணையத் தாக்குதல்களைத் தடுக்கும் கருவி) என்றதுமே, ‘ஆன்டிவைரஸ் இருக்கிறதே’ என்று முதலாளிகள் பேச்சை முடித்துவிடுவதாக எழுதியிருந்தீர்கள். விலைப்பட்டியலைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, ஆடிட்டர் வெளியிலிருந்து டேலி கணக்கு மென்பொருளைத் திறப்பதற்காக ரவுட்டரில் 3389 போர்ட் (கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் வழி) திறந்துவிடப்பட்டிருக்கிறதா என்பதை, முதலாளியின் அனுமதியுடன் அவர் கண்முன்னேயே சோதித்துக் காட்டுங்கள். திறந்திருந்தால், அந்த வழியாகவே தாக்குபவர்களும் நுழையலாம் என்று சொல்லி, அதை மூடிவிட்டு விபிஎன் (மறையாக்கம் செய்யப்பட்ட தனி இணைப்பு) வழியாக மட்டும் இணைக்கும் ஏற்பாட்டை விளக்குங்கள். பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க் அதே கணினியில் எப்போதும் செருகியபடியே கிடந்தால், ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) அதையும் சேர்த்தே பூட்டிவிடும் என்பதையும் சொல்லுங்கள். எந்த ஃபயர்வால் பெட்டியின் பெருமையையும்விட இதுதான் அவருக்கு உறைக்கும் என்பது என் கணிப்பு. இணையத் தாக்குதல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற செர்ட்-இன்னின் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) 2022 உத்தரவை எழுத்தில் கொடுங்கள். அதைக் காட்டி மிரட்ட வேண்டாம். ஃபயர்வாலுக்கான ஆண்டுச் சந்தாவை முதல் கொட்டேஷனிலேயே தனி வரியாகக் காட்டிவிடுங்கள். மறு ஆண்டு அந்தத் தொகையைத் திடீரென்று கேட்கும்போதுதான் பல வாடிக்கையாளர்கள் கைநழுவிப் போகிறார்கள்.