பில் பதிந்தே காலம் போகிறது, ஏசிசிஏ சேரலாமா?

கேள்வி: மூன்று வருடமாகக் கணக்குப் பிரிவில் பில் பதிவதுதான் என் வேலை. சலித்துவிட்டது. ஏசிசிஏ (பிரிட்டனைச் சேர்ந்த கணக்காளர் அமைப்பு ஒன்றின் தொழில்முறைப் படிப்பு) படித்தால் நல்ல வேலை நிச்சயம், பாதிப் பாடங்களுக்கு மேல் தேர்வே எழுதாமல் இருக்க விலக்கும் வாங்கித் தருகிறோம் என்கிறது ஒரு பயிற்சி மையம். சேரலாமா, இல்லை துறையையே மாற்றுவதா?

பதில்: உங்களுக்குச் சலித்தது பில் பதிவது. கணக்குத் துறையின் மற்ற வேலைகளை நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை.

ஒன்று யோசித்துப் பாருங்கள். மாதக் கடைசியில் நீங்கள் பதிந்த கணக்கு வங்கிக் கணக்கோடு 36 ரூபாய் இடிக்கிறது. 9ஆல் வகுபடுகிறதே, எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று தேடி, 1,762ஐ 1,726 என்று பதிந்ததைப் பிடிக்கிறீர்கள். அப்போது ஒரு குஷி வருகிறதா? தணிக்கைப் பக்கம் போங்கள், மோசடிக் கணக்குகளை ஆராயும் வேலையும் ஒத்துவரும். அதைவிட, "போக்குவரத்துச் செலவு இந்த மாதம் ஏன் இவ்வளவு ஏறியது?" என்று கேட்கத் தோன்றினால் செலவுக் கணக்கு, பட்ஜெட், மேலாண்மைக் கணக்கு உங்களுக்கானவை. இரண்டுமே தோன்றவில்லையா? வேறு துறை பாருங்கள், தப்பே இல்லை.

அப்புறம் அந்தப் பயிற்சி மையம். விலக்கை அவர்கள் வாங்கித் தர முடியாது. உங்கள் பழைய படிப்பைப் பார்த்து ஏசிசிஏ அமைப்பே முடிவு செய்வது அது. எந்தப் பாடத்துக்கு விலக்கு என்று அமைப்பின் இணையதளத்தில் நீங்களே பார்த்துவிடலாம். விலக்குக்கும் கட்டணம் உண்டு என்பதை மட்டும் எந்தத் தரகரும் முதல் நாளில் சொல்வதில்லை! கடைசிக் கட்டத் தேர்வுகளுக்கு விலக்கே கிடையாது. "வேலை நிச்சயம்" என்பவரிடம் அதை எழுத்தில் கேளுங்கள், பேச்சு மாறும். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். அனுபவச் சான்றிதழை விலைக்குத் தருகிறேன் என்பவர் வாசலையே மிதிக்காதீர்கள்.

அனுபவம் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தேர்வுகளில் தேறினால் மட்டும் ஏசிசிஏ அமைப்பின் உறுப்பினராகிவிட முடியாது, 36 மாத வேலை அனுபவமும் காட்ட வேண்டும். தேர்வு முடித்த பிறகுதான் அது தொடங்கும் என்று பலர் காத்திருக்கிறார்கள். வேண்டாம். தேர்வுக்கு முன், படிக்கும்போது, பின் எப்போது செய்ததும் கணக்கில் வரும், ஆனால் அது கணக்கு, நிதி சார்ந்த வேலையாக இருக்க வேண்டும். உங்கள் மூன்று வருடத்திலும் கொஞ்சம் தேறலாம். சிக்கல் எங்கே என்றால், வேலை செய்த காலத்தை உங்கள் மேலாளர் உறுதி செய்யலாம். வேலையில் என்ன கற்றீர்கள் என்பதற்கோ தகுதி பெற்ற கணக்காளர் ஒருவர்தான் கையெழுத்திட வேண்டும். சின்ன நிறுவனத்தில் அப்படி ஒருவர் இல்லாமலே போகலாம். வெளித் தணிக்கையாளர் உங்கள் வேலையை அறிந்தவராக இருந்தால் அவரிடம் கேட்கலாம். நேர்மையாக உழைத்தவரை ஒரு கையெழுத்துக்காக இப்படி அலையவிடுவது என்ன முறையோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சரி, பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த மாதக் கணக்கு முடிக்கும்போது வங்கி ஒப்பீட்டை உங்களிடம் தரச் சொல்லி மேலாளரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று மாதம் செய்துவிட்டு அப்புறம் சேருவதைப் பற்றி யோசிக்கலாம். கேட்டும் தராமல் பில் பதிவதிலேயே உட்காரவைத்தால், முதலில் மாற்ற வேண்டியது அந்த நிறுவனத்தை.