கொழும்புக்குப் பக்கத்தில் ஆற்றோரமாக நடக்க நல்ல இடம் இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் வெள்ளவத்தையில் இருக்கிறாராம். கடற்கரை அலுத்துவிட்டது, ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டும், கொஞ்சம் சரித்திரமும் இருந்தால் நல்லது என்கிறார். என் பதில்: களனி கங்கையோரத்து ஊர்களான ஹங்வெல்லையும் அவிசாவளையும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், களனி கங்கையோரம் தொடர்ச்சியான நடைபாதை எதுவும் கிடையாது. ஒழுங்கைகள், றப்பர் தோட்டப் பாதைகள், சில இடங்களில் யாரோ ஒருவருடைய கொல்லைப்புறம், அவ்வளவுதான். அதனால் முழுத் தூரத்தையும் நடக்க நினைக்காதீர்கள். ஹங்வெல்லையில் ஒரு மணித்தியாலம் சுற்றிவிட்டு, பஸ் ஏறி அவிசாவளைக்குப் போய் அங்கே ஆறுதலாக நடக்கலாம்.

ஹங்வெல்லையில் பழைய கோட்டை இருந்த மேட்டில் நின்றால் ஆற்றின் வளைவு நன்றாகத் தெரியும். போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் திருத்திக் கட்டினார்கள். ஆற்றுவழியே கொழும்புக்கு வருபவர்களை மறிக்கத்தான் இந்தக் கோட்டை. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நம்முடைய கண்ணுசாமிதான், 1803 செப்டம்பரில் படையோடு இந்த இடம் வரை வந்து பிரிட்டிஷாரிடம் தோற்றுத் திரும்பினான். கொழும்புக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர்தான் இருந்தது!

அவிசாவளையில் களனியோடு சேரும் சீதாவாக்கை ஆறு இன்னும் அழகு. கல்லும் மணலுமாக ஓடும், இரண்டு பக்கமும் மரம். ஒல்லாந்தர் காலத்தில் அவர்களுடைய பகுதிக்கும் கண்டி இராச்சியத்துக்கும் இங்கேதான் எல்லை. கண்டிக்குப் போகும் தூதுவர்களை அரசனின் ஆட்கள் இந்த இடத்துக்கு வந்துதான் பொறுப்பேற்பார்கள். அதற்கும் முன்னால், 1521 தொடக்கம் 1594 வரை, இது சீதாவாக்கை இராச்சியத்தின் தலைநகர். முதலாம் இராஜசிங்கன் சைவத்துக்கு மாறிக் கட்டத் தொடங்கிய பெரெண்டி கோயிலின் கல் அடித்தளம் இன்னும் இருக்கிறது. பைரவர் கோயில் என்கிறார்கள். கூரையும் இல்லை, பூசையும் இல்லை. செதுக்கு வேலைப்பாட்டைப் பார்த்தபடி அங்கேயே ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டேன்.

நான் முதல்முறை போனது ஜூன் மாதத்தில். பிழையான முடிவு. கொழும்பில் தூறினால் அவிசாவளையில் கொட்டும் என்று வீட்டில் சொன்னதைக் கேட்கவில்லை. ஒரு சப்பாத்துக்குள் மட்டும் நாலு அட்டை. மழைக்கு ஒதுங்கிய கடையில், றப்பர் பால்வெட்டு முடித்து வந்த தோட்டத்து அக்கா ஒருவர் விசாரித்தார். "நடக்கவா கொழும்புல இருந்து வந்தீங்க? நாங்க எப்படா நடக்காம இருக்கலாம்னு பாக்குறோம்!" பிளேன்டீக்குக் காசு கொடுக்கவும் விடவில்லை.

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். கொழும்பு கோட்டைப் பகுதியிலிருந்து 122 பஸ் அவிசாவளைக்குப் போகும், களனிவெளி ரயிலும் இருக்கிறது. ஆனால் ரயில் மெதுவு. காலையிலேயே கிளம்புங்கள், மாற்றிப் போட ஒரு சோடி சொக்ஸும் வேண்டும்.