நம் அணியின் உத்தியை அடுத்த ஊர்ப் பையன்களுக்குச் சொல்லலாமா?

சொல்லலாம். போட்டி முடிந்த மறுநாளே சொல்லிவிடலாம். போட்டிக்கு முன்னால் மட்டும் வேண்டாம்.

கேள்வி கேட்ட தம்பி காரைக்குடியில் பி.ஜி.எம்.ஐ. அணி வைத்திருக்கிறார். பல அணிகள் ஒரே மேப்பில் இறங்கிக் கடைசி வரை உயிரோடு இருக்கப் போராடும் கைப்பேசித் துப்பாக்கி கேம் அது. எராங்கல் என்ற மேப்பில் ஸோன் (போகப் போகச் சுருங்கும் பாதுகாப்பு வட்டம்) மிலிட்டரி பேஸ் பக்கம் போனால் இவர்கள் அணி எப்படியோ முதலில் உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. தேவகோட்டையிலும் பள்ளத்தூரிலும் உள்ள இரண்டு அணிகள் "அது எப்படிண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கின்றன. சொல்லிக்கொடுத்தால் அதை வைத்தே நம்மை அடித்துவிடுவார்களே என்பது அவர் கவலை. நானும் இதே ஊரில் ஐ.ஜி.எல். (ஆட்டத்தின் நடுவே அணிக்கு முடிவெடுப்பவர்) ஆக ஆடியவன். இப்போது சுற்றுவட்டார அணிகளுக்கு ராத்திரி ஸ்க்ரிம் (பயிற்சி ஆட்டம்) ரூம் போட்டுக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

ஒரு போட்டியில் ஒரு முறை ஆடிய உத்தி அதற்குப் பிறகு ரகசியம் கிடையாது. போட்டி யூட்யூபில் நேரலையாகப் போகிறது, பதிவும் அங்கேயே கிடக்கிறது. பொறுமை உள்ளவன் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் நீங்கள் எந்த நிமிடம் எந்தக் கரையில் படகு எடுத்தீர்கள் என்பது வரை குறித்துக்கொள்ளலாம். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உள்ள வலுவான அணிகளில் இதைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். ஆக, நீங்கள் யாருக்குப் பயப்பட வேண்டுமோ அவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருப்பது தேவகோட்டைப் பையன்களுக்கு மட்டும்தான். அவர்களிடம் மறைத்து உங்களுக்கு என்ன கிடைக்கப்போகிறது?

ட்ராப் (ஆட்டத் தொடக்கத்தில் இறங்கும் இடம்) விஷயத்திலும் இப்படித்தான். நாம் இறங்கும் இடத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று பல புது அணிகள் நினைக்கின்றன. ஆனால் போட்டி ஆட்டத்தில் நீங்கள் எங்கே இறங்குவீர்கள் என்று எல்லாருக்கும் தெரிந்திருப்பதே நல்லது. ஒரே இடத்தில் இரண்டு அணி இறங்கி முதல் நிமிடத்திலேயே மோதினால் ஜெயித்தவனும் பாதி ஆளோடுதான் வெளியே வருவான், புள்ளி மற்ற பதினான்கு அணிகளுக்குப் போகும். "நோவோ ஊர் எங்களுடையது, வந்தால் விடமாட்டோம்" என்பது தெரிந்தால் பெரும்பாலும் யாரும் வரமாட்டார்கள்.

இப்போது அந்த மிலிட்டரி பேஸ் ரொட்டேஷனுக்கு (ஸோனுக்குள் நகரும் வழிக்கு) வருவோம். அது தெற்கே தனித் தீவு. பெரிய நிலப்பகுதியிலிருந்து இரண்டு பாலம், இல்லையென்றால் படகு. தாமதமாகக் கிளம்பும் அணி பாலத்தில் மாட்டிக்கொண்டு சாகும் என்பது ஒரு மாதம் ஆடியவனுக்கே தெரியும். "நாங்கள் படகில் போகிறோம்" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. எப்போது முடிவெடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஸோன் எந்த அளவு தெற்கே சாய்ந்ததும் கிளம்புகிறீர்கள், அந்தப் பக்கம் ட்ராப் வைத்திருக்கும் அணிகள் எவை, அவர்களில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை கில் ஃபீடை (யார் யாரைச் சுட்டார் என்று திரையில் ஓடும் பட்டியல்) பார்த்து யார் கணக்கு வைக்கிறார், ஒருவரை முன்னால் அனுப்பிக் கரையைப் பார்க்கச் சொல்கிறீர்களா, அவர் "ஆள் இருக்கு" என்றால் திரும்புவீர்களா, வேறு கரை தேடுவீர்களா. இத்தனையையும் சொல்லிக்கொடுங்கள். இதைக் கேட்டு அப்படியே நாளைக்கு ஆடிவிட முடியாது. கூடி ஆடிப் பழகித்தான் வரும். அதற்குள் நீங்கள் இன்னும் கொஞ்சம் முன்னே போயிருப்பீர்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: நம் பக்கத்து அணிகளுக்கு உத்திப் பஞ்சம் இல்லை, எதிராளிப் பஞ்சம்தான். பதினாறு அணிக்கான ரூமில் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், புதுக்கோட்டை என்று கூப்பிட்டும் பாதி நிறைவதே பெரிய பாடு. தேர்வு நேரம் வந்தால் அதுவும் இல்லை. அந்த ரூமில் நீங்கள் தினமும் ஜெயிக்கிறீர்கள் என்றால் தினமும் கெட்ட பழக்கம் கற்றுக்கொள்கிறீர்கள் என்று நான் நினைக்கிறேன். வெட்டவெளியில் வண்டி இல்லாமல் ஓடினால் இங்கே யாரும் சுடுவதில்லை. பெரிய போட்டியில் நாலு பேரும் ஆளுக்கொரு வண்டி எடுத்து வந்து அதையே மறைப்பாக நிறுத்திக்கொள்கிறார்கள். ஸ்மோக் (புகைக்குண்டு) போடாமல் அடிபட்டு விழுந்த ஆளைத் தூக்கினால் இங்கே தப்பிக்கலாம், குவாலிஃபையரில் (தகுதிச் சுற்றில்) இரண்டு பேரும் சேர்ந்து போவீர்கள். தேவகோட்டை அணி உங்கள் படகு வழியைத் தெரிந்துகொண்டு ஒரு நாள் அந்தக் கரையில் காத்திருக்கட்டும். அன்றைக்கு நீங்கள் இரண்டாவது வழி கண்டுபிடித்தே ஆக வேண்டும். அதை இங்கே ஸ்க்ரிமில் கண்டுபிடிப்பது நல்லதா, குவாலிஃபையரின் கடைசி ஆட்டத்தில் தேடுவது நல்லதா?

ஒளித்து வைத்த உத்தி என்றால் எனக்குச் சதுரங்கம்தான் நினைவுக்கு வரும். 1918-இல் நியூயார்க்கில் ஃபிராங்க் மார்ஷல், கப்பாபிளாங்காவுக்கு எதிராக ருய் லோபஸ் என்ற தொடக்க முறையில் ஒரு காலாளைப் பலி கொடுத்துப் பாய்ந்தார். அதைப் பல வருடம் பொத்தி வைத்திருந்தார் என்று ஒரு கதை உண்டு. கதையை விடுங்கள், ஆட்டம் பதிவில் இருக்கிறது. கப்பாபிளாங்கா பலகை முன்னால் உட்கார்ந்தே யோசித்துத் தடுத்து ஜெயித்துவிட்டார். ஆனால் எல்லாரும் அதை எடுத்து ஆராய்ந்து திருத்தித் திருத்தி ஆடியதால் இன்றைக்கும் உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் அதை மார்ஷல் தாக்குதல் என்ற பெயரில் ஆடுகிறார்கள். போக்கிமான் வீடியோ கேமின் வி.ஜி.சி. போட்டிகளில் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். 2023 சீசனிலிருந்து ஆட்டத்துக்கு முன்பே எதிராளியின் ஆறு போக்கிமான்கள் எவை, எந்தப் பொருளை ஏந்துகின்றன, என்ன தாக்குதல் வைத்திருக்கின்றன என்ற பட்டியலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். அப்படியும் நன்றாக ஆடுபவர்தான் ஜெயிக்கிறார்.

ஆனால் நேரம் முக்கியம். 2010-இல் சோஃபியாவில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான போட்டியில் டோபலோவை வென்ற பிறகுதான் ஆனந்த், தன் தயாரிப்புக்கு காஸ்பரோவ், கிராம்னிக், கார்ல்சன் எல்லாரும் உதவினார்கள் என்று வெளியே சொன்னார். போட்டி நடக்கும்போது வாயைத் திறக்கவில்லை. நீங்களும் இன்னும் எங்கும் ஆடிக்காட்டாத திட்டத்தைக் குவாலிஃபையர் முடியும் வரை உங்கள் நால்வருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கருமித்தனம் ஒன்றும் இல்லை.

ஸ்க்ரிமில் இன்னொரு அணி ஆடிப் பார்த்த திட்டத்தை எந்த நேரத்திலும் மூன்றாம் ஆளிடம் சொல்லாதீர்கள். அவர்கள் உங்களை நம்பித்தான் ரூமுக்குள் வந்தார்கள். இதை மீறிய அணிக்கு நான் ரூமில் இடம் கொடுப்பதில்லை. உங்கள் ஆட்களின் பலவீனமும் அப்படித்தான். "எங்க சப்போர்ட் பையன், பக்கவாட்டில் யாராவது சுட்டால் பதறிடுவான்" என்பதை வெளியே சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை, அது அவர் விஷயம். உத்தியைச் சொல்லும் முன்பும் மற்ற மூவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். யோசனை யாருடையதோ அவரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

சொல்லிக்கொடுக்க இன்னொரு காரணமும் உண்டு. 2022 ஜூலை 28 அன்று பி.ஜி.எம்.ஐ. ப்ளே ஸ்டோரிலிருந்து போனது, 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது. அந்தப் பத்து மாதத்தில் இந்தப் பக்கம் பல அணிகள் கலைந்தன. ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனார், ஒருவர் சிங்கப்பூர் போனார், ஒருவருக்குக் கல்யாணம் ஆனது. கேம் திரும்பி வந்தபோது மறுபடி அணி சேர்க்க முடிந்தது யாரால் என்றால், அதற்கு முன்னால் தெருப் பையன்களை வீட்டுப் பட்டாலையில் கூட்டி உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர்களால்தான். எங்கள் தெருவில் அதை நான் கண்ணால் பார்த்தேன். யாருக்கும் எதையும் சொல்லாமல் வைத்திருந்த நல்ல அணி ஒன்று, இருவர் வெளியூர் போனதும் அப்படியே நின்றுபோனது. அவர்கள் ஆடிய விதம் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. எனக்கு அது இன்னும் வருத்தம்தான்.

எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நீங்கள் தோற்ற ஆட்டத்தின் பதிவைப் போடுங்கள், ஜெயித்ததை அல்ல. ஒவ்வொரு ஸோனிலும் நிறுத்தி, "இப்ப நீங்களா இருந்தா எங்க போவீங்க?" என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். பள்ளத்தூர்ப் பையன் ஒருவன் நீங்கள் யோசிக்காத வழியைச் சொல்வான், பாருங்கள்.

காசு வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பள்ளி, கல்லூரிப் பையன்களிடம் வேண்டாம் தம்பி. ரூம் போட வாங்கும் கார்டுச் செலவை எல்லா அணியும் பங்கு போட்டுக்கொண்டால் போதும்.