ஒரு ராப் கலைஞரின் இசை வளர்ச்சியைத் தொடக்கம் முதல் கவனித்ததுண்டா? அவர் உங்களிடம் விட்டுச் சென்றது என்ன?

மேக் மில்லர். இந்தக் கேள்விக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1992-இல் பிறந்தவர். இயற்பெயர் மால்கம் ஜேம்ஸ் மெக்கார்மிக். 2018 செப்டம்பர் 7 அன்று, 26 வயதில், லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் இறந்துபோனார். அவரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர், "இளம் வயதில் இறந்ததால்தான் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்" என்று சொல்லிவிடுவார். கேட்டால் எனக்குக் கோபம் வரும். அந்த மனிதர் எட்டு ஆண்டுகள் எல்லோர் கண்ணெதிரிலும் இசை கற்றுக்கொண்டார். அந்த உழைப்பை ஒரு மரணச் செய்திக்குள் மூடிவைப்பது பெரிய அநியாயம்.

நான் மேடைக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். எந்தப் பாட்டைக் கேட்டாலும் தாளமும் பேஸும் காதில் விழுந்த பிறகுதான் சொல் விழும். அதனால் ராப் பக்கம் நான் வந்ததே தாமதமாகத்தான். மேக் மில்லரிடம் என்னைக் கொண்டுவந்து சேர்த்தது 'டைனி டெஸ்க்' கச்சேரி. அமெரிக்காவின் என்.பி.ஆர். வானொலி தன் அலுவலகத்தில் ஒரு மேசையைச் சுற்றி நடத்தும் நிகழ்ச்சி அது. மேக்கின் கச்சேரி 2018 ஆகஸ்டில் வெளியானது. மூன்றே பாட்டு. இரண்டாவது பாட்டுக்குப் பேஸ் கலைஞர் தண்டர்கேட் தம் ஆறு தந்தி பேஸுடன் வந்து சேர்கிறார். அவருடைய விரல் வேகத்துக்கு முன்னால் பாடுகிறவர் அமுங்கிப்போவதுதான் வழக்கம். மேக் அமுங்கவும் இல்லை, போட்டி போடவும் இல்லை. பேஸ் ஓய்கிற இடம் எதுவென்று தெரிந்து அங்கே தம் வரியை வைக்கிறார். மூன்றாவது பாட்டில் வயலின், செல்லோ எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. குரலில் ஒரு அலங்காரமும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல்.

இவர் யார் என்று தேடிப் போனபோது கிடைத்த பழைய பாடல்கள் வேறு யாரோ பாடியவை போலிருந்தன. அந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் அவருடைய தொகுப்புகளை வரிசையாகக் கேட்கத் தொடங்கினேன்.

முதல் பெரிய கவனம் 2010-இல் வந்த 'கிட்ஸ்' என்ற மிக்ஸ்டேப்பால், அதாவது ராப் பாடகர்கள் பெரும்பாலும் இலவசமாக வெளியிடும் பாடல் தொகுப்பால், கிடைத்தது. பதினெட்டு வயதுப் பையன், பள்ளி, நண்பர்கள், கொண்டாட்டம், பெண்கள். சொல்லடுக்கில் கெட்டிக்காரத்தனம் இருந்தது. சொல்ல அதிக விஷயம் இல்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் 'புளூ ஸ்லைட் பார்க்' வெளியானது. பிட்ஸ்பர்க்கின் ஃப்ரிக் பூங்காவில் அவர் சிறுவயதில் விளையாடிய நீலச் சறுக்குமரத்தின் பெயர். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், ஊரிலேயே இருந்த ரோஸ்ட்ரம் ரெக்கார்ட்ஸ் வழியாக வந்து, முதல் வாரத்திலேயே அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம். சுதந்திரமாக விநியோகிக்கப்பட்ட ஓர் அறிமுகத் தொகுப்பு அந்த இடத்தைப் பிடித்தது 1995-க்குப் பிறகு அதுவே முதல் முறை. அதே தொகுப்புக்குப் பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இதழ் கொடுத்த மதிப்பெண் பத்துக்கு ஒன்று.

பத்தொன்பது வயதில், நாடே தன் தொகுப்பை வாங்குகிறபோது, விமர்சகர்கள் குப்பை என்கிறார்கள். இந்த இடத்தில் பலர் அதே சரக்கை இன்னும் நான்கு வருடம் விற்றிருப்பார்கள். வாங்க ஆள் இருந்தது. அவரை அந்த விமர்சனம் ஆழமாகவே காயப்படுத்தியது. இருமல் மருந்து கலந்த போதைப் பானத்துக்கு அந்தக் காலத்தில் அடிமையாகிக் கிடந்ததைப் பின்னர் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அதே மாதங்களில் இன்னொன்றும் நடந்தது. அது பற்றி யாரும் போதுமான அளவு எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை.

அவர் மாணவராகிவிட்டார். சிறுவயதிலேயே பியானோ, கிட்டார், டிரம்ஸ், பேஸ் எல்லாம் தொட்டுப் பழகியவர். ராப்பில் புகழ் வந்ததும் அவை ஒதுங்கிக் கிடந்தன. லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்து, வீட்டுக்குள்ளேயே ஒரு ஸ்டூடியோ அமைத்து, அவற்றை மறுபடி கையில் எடுத்தார். 2012 இறுதியில் 'லாரி லவ்ஸ்டீன்' என்ற புனைபெயரில் ஜாஸ் சாயலில் ஒரு சிறு தொகுப்பு. அதில் ராப் செய்வதைவிடப் பாடுவதே அதிகம். பாட்டு இன்னும் கைவரவில்லை என்பதும் கேட்கிறவருக்குத் தெரியும். 'லாரி ஃபிஷர்மேன்' என்ற இன்னொரு பெயரில் தாளமும் இசையும் அமைக்கத் தொடங்கினார். பிறருக்கும் அமைத்தார்: ராப் பாடகர் வின்ஸ் ஸ்டேபிள்ஸின் 2013 மிக்ஸ்டேப் 'ஸ்டோலன் யூத்' இந்தப் பெயரில் இவர் அமைத்ததுதான். அந்த வீட்டுக்கு ஏர்ல் ஸ்வெட்ஷர்ட், ஸ்கூல்பாய் க்யூ, ஆப்-சோல், தண்டர்கேட் எனப் பல ராப் பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். பட்டியலில் முதலிடம் பிடித்த ஒருவர், தம்மைவிடக் கூர்மையாக எழுதுகிறவர்களையும் தம்மைவிட நன்றாக வாசிக்கிறவர்களையும் வீட்டுக்கே அழைத்து உட்காரவைத்தார். இதற்குப் பெரிய மனம் வேண்டும். மேடை ஏறுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம்மைவிடத் திறமையானவர் பக்கத்தில் வாசிப்பதைத் தவிர்க்கத்தான் எல்லோருக்கும் ஆயிரம் காரணங்கள் கிடைக்கும்.

விளைவு 2013 ஜூனில் வந்த 'வாட்சிங் மூவீஸ் வித் த சவுண்ட் ஆஃப்' தொகுப்பில் கேட்கிறது. கான்யே வெஸ்ட், ஜே. கோல் என்ற பெரிய ராப் பாடகர்கள் இருவரின் தொகுப்புகளும் வெளியான அதே நாளில் வந்தது. கொண்டாட்டப் பையன் காணாமல் போயிருந்தான். மரணம், தனிமை, கடவுள் என்று சொல் போகிற திசையே மாறிவிட்டது. சுற்றுப்பயணத்துக்கு 'தி இன்டர்நெட்' என்ற இசைக்குழுவைத் தமக்குப் பின்னால் வாசிக்கச் சேர்த்துக்கொண்டார். பதிவு செய்த தாளத்தின் மேல் கத்துவது ஒரு வேலை. உயிருள்ள டிரம்மரோடு சேர்ந்து நடப்பது முற்றிலும் வேறு வேலை. டிரம்மர் அன்றைக்குச் சற்று இழுத்து வாசித்தால் பாடுகிறவரும் இழுக்க வேண்டும். அந்தப் பயணத்தில் பதிவான நேரலைத் தொகுப்பைக் கேட்டால் அவர் இதைப் படித்துக்கொள்வது தெரியும். பிற்காலத்தில் அவர் குரல் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் சாய்ந்து நிற்குமே, அந்த அழகு இங்கிருந்துதான் வந்தது என்பது என் கணிப்பு.

2014 மே மாதம் 'ஃபேசஸ்' என்ற நீண்ட மிக்ஸ்டேப்பை இலவசமாக வெளியிட்டார். இதை அவருடைய உச்சம் என்று சொல்லும் ரசிகர்கள் நிறையப் பேர். என்னால் அதை முழுதாக ஒரே அமர்வில் கேட்க முடிவதில்லை. போதையின் பிடியில் இருப்பதை இவ்வளவு வெளிப்படையாக, அழகும் பயமும் கலந்து சொன்ன ராப் தொகுப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை. அதன் பிறகு வந்த இரண்டும் முக்கியமானவை. 2015-இல் பெரிய நிறுவனமான வார்னர் வழியாக வந்த 'குட் ஏஎம்' விழித்தெழுந்தவனின் உற்சாகம். 2016-இல் வந்த 'த டிவைன் ஃபெமினைன்' முழுக்கக் காதல். அதில்தான் அவர் முதல்முறையாகக் கூச்சமில்லாமல் பாடுகிறார்.

இனி 2018 ஆகஸ்ட் 3 அன்று வந்த 'ஸ்விம்மிங்'. இசையமைப்பாளர் ஜான் பிரையன் இதில் துணைநின்றார். இந்தத் தொகுப்பில் மேக் பயன்படுத்தும் சொற்களின் எண்ணிக்கையே குறைந்துவிட்டது. 2010-இல் ஒரு வரிக்குள் நான்கு எதுகைகளைத் திணித்தவர், இங்கே ஒரு வரி சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். பேஸும் கீபோர்டும் அந்த வரிக்குப் பதில் சொல்லி முடிக்கும்வரை அடுத்த வரி வருவதில்லை. நன்றாக இருக்கிறேன் என்று அவர் எங்கும் சொல்வதில்லை. நேற்றைவிடக் கொஞ்சம் பரவாயில்லை என்கிறார். மனச்சோர்வில் இருப்பவர்கள் உண்மையில் பேசுகிற பேச்சு அதுதான்.

அந்தத் தொகுப்பின் ஒரு பாட்டுக்கான வீடியோவில் அவர் மண்ணுக்குள் புதைக்கப்பட்ட பெட்டியில் படுத்திருக்கிறார். இறந்த பிறகு இதைக் காட்டி, 'முன்கூட்டியே தெரிந்திருக்கிறது பாருங்கள்' என்று எழுதியவர்கள் ஏராளம். தயவுசெய்து மறுபடி பாருங்கள். அவர் அந்தப் பெட்டியை உடைத்துக்கொண்டு மண்ணுக்கு மேலே வருகிறார். அக்டோபரில் தண்டர்கேட்டோடு சுற்றுப்பயணம் தொடங்குவதாக ஏற்பாடாகியிருந்தது. அவர் உட்கொண்டது ஃபெண்டானில் என்ற மிகக் கடுமையான போதை மருந்து கலந்த போலி மாத்திரை என்பது விசாரணையில் வெளிவந்தது. அது அவர் கைக்கு வந்த வழியில் இருந்த இருவருக்கு 2022-இல் நீண்ட சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது. அதை விதி என்றும் கலைஞனின் சாபம் என்றும் பூசி மெழுகுவதை என்னால் ஏற்க முடியாது. இதை மரணத்துக்கு இரண்டாண்டு முன்பே ஓர் ஆவணப்படத்தில் அவரே சொல்லியிருந்தார்: அளவுக்கு மீறிய போதையால் இறப்பதில் எந்தப் பெருமையும் இல்லை, அப்படிச் செத்தவன் வரலாற்றில் நிற்பதில்லை, வெறுமனே செத்துப்போகிறான் என்ற பொருளில்.

'ஸ்விம்மிங்' கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் நடந்த விழாவுக்கு அவருடைய பெற்றோர் வந்திருந்தார்கள். விருது ராப் பாடகி கார்டி பி-க்குப் போனது. 'ஸ்விம்மிங்' தொகுப்புக்கு இணையாக மேக் பதிவு செய்துகொண்டிருந்த 'சர்க்கிள்ஸ்' தொகுப்பை ஜான் பிரையன் முடித்துக்கொடுக்க, குடும்பத்தினர் 2020 ஜனவரியில் வெளியிட்டார்கள். பிரையன் பின்னர் ஒரு செய்தி சொன்னார். மேக் முதலில் ராப் சார்ந்தவற்றைப் போட்டுக் காட்டிவிட்டு, பிறகு இவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை என்கிற தயக்கத்தோடுதான் இந்தப் பாடல்களைக் காட்டினாராம். கேட்டதும் பிரையன் அசந்துபோனார். 'சர்க்கிள்ஸ்' தொகுப்பில் ராப் மிகக் குறைவு. மெல்லிய கிட்டார், பழைய கீபோர்டு, பாடத் தெரிந்துவிட்டது என்று யாருக்கும் நிரூபிக்க விரும்பாத குரல்.

2014 வாக்கில் பதிவு செய்து கிடப்பில் இருந்த 'பலூனரிசம்' தொகுப்பு 2025 ஜனவரியில் வந்தபோது என் எண்ணம் உறுதியானது. 'ஃபேசஸ்' காலத்திலேயே அவர் இப்படி மிதக்கும் இசையைச் செய்து பார்த்திருக்கிறார். அதை முழுதாகக் கைக்கொள்ள இன்னும் நான்கு ஆண்டு எடுத்துக்கொண்டார். திடீரென்று மேதையாகிவிட்ட கதை அவருடையது இல்லை.

கேட்பவர்களிடம் அவர் விட்டுச் சென்றதைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் தண்டர்கேட்டைப் பாருங்கள். நண்பன் போனதற்குப் பிறகு அவர் குடியை விட்டார். அதைப் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னார். அந்தத் துயரத்திலிருந்து வந்த 2020 தொகுப்பு அவருக்குக் கிராமி பெற்றுத் தந்தது. மேக் இறந்த சில நாட்களில் ஃப்ரிக் பூங்காவின் சறுக்குமரத்தடியில் மெழுகுவத்திகளோடு கூடியவர்களில் பெரும்பாலோர் இருபது வயது ஒட்டியவர்கள். பள்ளியில் 'கிட்ஸ்' கேட்டவர்கள், கல்லூரியில் 'ஃபேசஸ்' கேட்டவர்கள். அவர் வளர்ந்த வேகத்திலேயே அவர்களும் வளர்ந்தார்கள். பெரும்பாலான பாடகர்கள் நமக்கு முழுதாக முடிந்த உருவமாகத்தான் கிடைக்கிறார்கள். மேக் மில்லர் தவறான சுருதியோடு, தவறான பழக்கங்களோடு, பாதி கற்ற பாடங்களோடு தம் ரசிகர்கள் முன் நின்றார். அவர்களுக்கும் அப்படி நிற்கத் தைரியம் வந்தது.

எனக்குள் இரண்டு மாற்றங்கள். முன்பெல்லாம் பாட்டில் இடைவெளி கிடைத்தால் விரல் சும்மா இருக்காது, நிரப்பிவிடுவேன். இப்போது பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் நானும் நிறுத்துகிறேன். எங்கள் குழுவின் டிரம்மர் அதைக் கவனித்து என்னிடம் கேட்டார். 'ஸ்விம்மிங்' தொகுப்பை அவரிடம் கொடுத்தேன். மற்றொன்று, நெருங்கிய நண்பர் ஒருவர் மனச்சோர்வில் யாரிடமும் பேசாமல் இருந்த காலம். நான் புத்திமதி சொல்லச் சொல்ல அவர் இன்னும் விலகிப்போனார். ஒருநாள் பேச்சை நிறுத்திவிட்டு 'சர்க்கிள்ஸ்' போட்டேன். ஆங்கிலம் அவருக்குப் பாதிதான் புரியும். ஆனாலும் முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். சில வாரங்கள் அப்படியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் மருத்துவரிடம் வரச் சம்மதித்தார். பாட்டு அவரைக் குணப்படுத்தியது என்று நான் சொல்லவில்லை; மருந்தும் மருத்துவருமே குணப்படுத்தினார்கள். மருத்துவரிடம் கிளம்பும்வரை அவருக்குத் துணையாக இருந்தது அந்தக் குரல்.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் டைனி டெஸ்க் வீடியோவில் தொடங்குங்கள். அடுத்து 'ஸ்விம்மிங்', 'சர்க்கிள்ஸ்' இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். குடும்பத்தினர் சொன்னபடி அவை ஒன்றையொன்று நிறைவு செய்ய எண்ணிச் செய்யப்பட்டவை. பிறகு 2013-க்குப் போங்கள். 'ஃபேசஸ்' மட்டும் மனம் தெளிவாக இருக்கும் நாளில் கேளுங்கள். 'புளூ ஸ்லைட் பார்க்' கடைசியில் இருக்கட்டும். அதற்குள் உங்களுக்கு அவரைப் பிடித்துப்போயிருக்கும். அந்தப் பத்தொன்பது வயதுப் பையனிடம் விமர்சகர்களைவிட நீங்கள் நிச்சயம் நியாயமாக நடந்துகொள்வீர்கள்.